பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு: பட்ஜி வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜி என்னும் சிறு கிளிகளே. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். பள்ளத்தூரில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் பல ஆண்டுகளாகப் பட்ஜிகளை வளர்த்து வருபவன் என்ற முறையில், சுற்றுவட்டாரத்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியுள்ளேன்.

தேவகோட்டை அன்பர்: என்னிடம் உள்ள ஜோடியில் இரண்டும் பச்சை. நான்கு குஞ்சுகளில் ஒன்று நீலமாக வந்துள்ளது. பெண் பறவை வேறு ஆணுடன் சேர்ந்திருக்கும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

அப்படிச் சந்தேகப்பட வேண்டியதில்லை. பட்ஜியின் இறகில் மஞ்சள் நிறமி ஒன்று உண்டு. நீலமோ நிறமியால் வருவதில்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. இரண்டும் கலந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகின்றன. மஞ்சளை உண்டாக்கும் மரபணு பழுதாகிவிட்டால் எஞ்சுவது நீலம் மட்டுமே. அந்த மரபணு எது என்பதை 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

இந்தப் பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குஞ்சு நீலமாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குஞ்சு பச்சையாகவே இருந்து, நீலத்தை மறைவாகச் சுமக்கும்; வளர்ப்பவர்கள் அதை ‘ஸ்பிளிட்’ என்போம். உங்கள் ஜோடி இரண்டும் ஸ்பிளிட்டாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஜோடிக்குச் சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு நீலமாகப் பிறக்கும். கடைக்காரர் சொல்வது போல வேறு ஆண் குறுக்கிட்டிருந்தாலும், தாயிடமும் நீலம் மறைந்திருந்தாலொழிய இந்தக் குஞ்சு வந்திருக்க முடியாது. பச்சைக் குஞ்சுகளில் எவை ஸ்பிளிட் என்பதைப் பார்வையால் சொல்ல எவராலும் இயலாது.

காரைக்குடி, செக்காலைப் பகுதி அன்பர்: சிவப்புக் கண் உடைய மஞ்சள் ஆணைப் பச்சைப் பெண்ணுடன் சேர்த்தேன். இரண்டு ஈட்டுக் குஞ்சுகளிலும் மஞ்சளாக வந்தவை எல்லாம் பெண்களாகவே இருக்கின்றன. தற்செயலா?

தற்செயல் அன்று, அப்படித்தான் வந்தாக வேண்டும். உங்கள் ஆண் ‘லுட்டினோ’. கறுப்பு நிறமியை அழிக்கும் இந்த மரபணு, ஆண், பெண் என்பதைத் தீர்மானிக்கும் பாலினக் குரோமோசோமில் அமைந்திருக்கிறது. மனிதர்களுக்கு நேர்மாறாக, பறவைகளில் ஆணுக்கு ஒரே வகைக் குரோமோசோம் இரண்டும், பெண்ணுக்கு அந்த வகையில் ஒன்றும் உள்ளன. மகள் அந்த ஒன்றைத் தந்தையிடமிருந்தே பெறுகிறாள் என்பதால், லுட்டினோ தந்தையின் மகள்கள் அனைவரும் லுட்டினோ. மகன்களுக்குத் தாயிடமிருந்து இயல்பான மரபணு ஒன்றும் கிடைத்துவிடுவதால் அவர்கள் பச்சையாகப் பிறந்து லுட்டினோவைச் சுமப்பார்கள்.

இதையே திருப்பி, லுட்டினோவைச் சுமக்காத பச்சை ஆணுடன் லுட்டினோ பெண்ணைச் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் பச்சையாக வரும். ‘லுட்டினோ ஸ்பிளிட் பெண்’ என்று எவரேனும் விலை சொன்னால் வாங்காதீர்கள். பெண்ணிடம் அந்த மரபணு இருந்தால் வெளியே தெரிந்தே தீரும், மறைந்திருக்க இடமில்லை.

கோட்டையூர் அன்பர்: லுட்டினோ என்று சொல்லி விற்ற மஞ்சள் பறவைக்குக் கண் கறுப்பாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

லுட்டினோவின் கண் வாழ்நாள் முழுவதும் சிவப்பே. பறவையைப் பகல் வெளிச்சத்தில் கையில் எடுத்து மேலும் இரண்டு இடங்களைப் பாருங்கள். இறக்கையில் மங்கிய சாம்பல் கோடுகளும் மார்பில் பச்சைச் சாயலும் இருந்தால் அது ‘டைல்யூட்’ மஞ்சளாக இருக்கலாம். கோடே இல்லாத தூய மஞ்சளாகவும், வளர்ந்த பறவையின் கறுப்புக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ளதாகவும் இருந்தால், பெரும்பாலும் அது இரட்டைக் காரணி (தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்ற) ‘ஸ்பாங்கிள்’. ஆஸ்திரேலியாவில் 1970-களில் தோன்றிய மாற்றம் அது. சாதாரணப் பச்சையுடன் சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளும் வெளிறிய இறக்கை இறகுகளில் கறுப்பு விளிம்பு கட்டிய ஸ்பாங்கிளாக வரும், ஐயமும் தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால் அது லுட்டினோவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

புதுவயல் அன்பர்: எங்கள் ஊர் ஆலைகளில் குருணை மலிவாகக் கிடைக்கிறது. அது மட்டும் போதுமா?

போதாது. தீட்டிய அரிசியில் சத்துள்ள மேல்தோல் போய்விடுகிறது. உமியுடன் கூடிய தினையை முதன்மையாக வைத்து, கம்பும் சிறிது நெல்லும் சேருங்கள். முருங்கைக் கீரை தினமும் கொடுக்கலாம். குஞ்சு வளர்க்கும் நாட்களில் வேகவைத்த முட்டை அவசியம். பட்ஜி உமியை உரித்துக் கிண்ணத்திலேயே விட்டுவிடும் என்பதால், நிறைந்திருப்பது போலத் தோன்றும் கிண்ணத்தில் ஒரு தினைகூட இல்லாமல் போவதுண்டு. காலையும் மாலையும் உமியை ஊதிப் பாருங்கள்.

கானாடுகாத்தான் அம்மையார்: கூண்டை வளவில் வைத்திருக்கிறோம். பெண் பறவை கம்பி வழியே சுவரின் வெள்ளையைக் கொத்திக்கொண்டே இருக்கிறது. தடுக்க வேண்டுமா?

ஆச்சி, அது முட்டைக்குத் தயாராகிச் சுண்ணாம்புச் சத்தைத் தேடுகிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாயின் ஓடு கிடைக்கும். தூளாக்காமல் முழுத் துண்டாகக் கம்பியில் கட்டிவிடுங்கள். இந்தச் சத்துக் குறைந்தால் முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து, வால் மேலும் கீழும் அசைய முக்கும் பெண் பறவையைக் கண்டால், வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கூண்டைச் சுவரிலிருந்தும், குறிப்பாகப் பழைய வர்ணம் பூசிய கதவு நிலைகளிலிருந்தும் தள்ளி வையுங்கள். அந்தக் காலத்து வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அது பறவைக்கு நஞ்சு.

காரைக்குடிப் பள்ளி மாணவர்: ஐயா, ஆண் எது, பெண் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த வயதில் ஜோடி சேர்க்கலாம்?

தம்பி, அலகுக்கு மேலே மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள சதையைப் பார். வளர்ந்த ஆணுக்கு அது நீலம். முட்டையிடும் பக்குவத்திலுள்ள பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சுப் பருவத்தில் ஆணுக்குச் சீரான இளஞ்சிவப்பு ஊதாவும், பெண்ணுக்கு மூக்குத் துளையைச் சுற்றி வெளிறிய வளையமும் இருக்கும். லுட்டினோ, அல்பினோ (சிவப்புக் கண் வெள்ளை), ரிசெசிவ் பைடு (திட்டுத் திட்டான நிறமுள்ள வகை) ஆண்களுக்கு வளர்ந்த பிறகும் அந்த இளஞ்சிவப்பு மாறாது. அவற்றைப் பெண் என்று எண்ணி வாங்கியவர்கள் பலர். ஒரு வயது நிறைந்த பிறகே ஜோடி சேர்த்து, முட்டையிடுவதற்கான பானையை வைக்க வேண்டும்.

தேவகோட்டை அன்பர்: வயலட் என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். அடர்நீலத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

நீலப் பறவையில் அடர்த்திக் காரணி (நிறத்தை அடர்த்தியாக்கும் மரபணு) ஒன்றும் வயலட் காரணியும் சேர்ந்தால்தான் கண்ணுக்குத் தெரியும் உண்மையான வயலட் கிடைக்கும். அடர்த்திக் காரணி இல்லாத வான்நீலத்தில் வயலட் காரணி மட்டும் இருந்தால், அது ஏறக்குறைய அடர்நீலமான ‘கோபால்ட்’ போலவே தோன்றும். எனவே குழல் விளக்கின் கீழ் முடிவு செய்யாமல் வெயிலில் பார்த்து, பெற்றோரையும் காட்டச் சொல்லுங்கள். பெற்றோரைக் காட்ட மறுக்கும் இடத்தில் கூடுதல் விலை கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கோட்டையூர் அன்பர்: குஞ்சுகளுக்கு இறக்கையிலும் வாலிலும் நீள இறகுகள் உதிர்கின்றன. சத்துக் குறைவா?

பட்ஜிகளைத் தாக்கும் பாலியோமா வைரஸ் காரணமாக இருக்கக்கூடும். எனக்கே இது நேர்ந்தது. அழகான சாம்பல் நிறப் பெண் ஒன்றை வாங்கிய அன்றே ஆசையில் மற்றவற்றோடு விட்டேன். அடுத்த ஈட்டுக் குஞ்சுகள் பறக்க வேண்டிய வயதில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எலியைப் போல ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பருவம் முழுவதும் பானைகளை எடுத்துவிட்டு, எல்லாக் கூண்டுகளையும் கழுவினேன். இப்போது எந்தப் புதுப் பறவையையும் குறைந்தது 40 நாள் தனி அறையில் வைத்த பிறகே சேர்க்கிறேன். நீங்களும் இப்போதைக்கு இனப்பெருக்கத்தை நிறுத்தி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

செக்காலை அன்பர்: எந்த மாதத்தில் பானை வைக்கிறீர்கள்? குறிப்பேடு எப்படி எழுதுகிறீர்கள்?

புரட்டாசி முடியும்போது வைத்து, பங்குனிக்குள் எடுத்துவிடுவேன். நம் பகுதிக் கோடையில் பானைக்குள் குஞ்சுகள் வெந்துவிடும். ஒரு ஜோடிக்கு ஆண்டுக்கு இரண்டு ஈடு போதும்.

குறிப்பேட்டை வட்டிக்கடைப் பேரேடு போல ஜோடிக்கு ஒரு பக்கமாக எழுதுகிறேன். முட்டைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 நாளில் பொரியும், தேதிகளைக் குறித்துவிடுங்கள். பொரித்த முதல் சில நாட்களில் குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி, இன்னும் திறக்காத கண்ணைத் தோல் வழியே பாருங்கள். சாதாரணக் குஞ்சுக்குக் கருமையாகத் தெரியும். இறகின் கறுப்புக் கோடுகள் பழுப்பாக அமையும் ‘சின்னமன்’ வகைக் குஞ்சுக்கு நாவற்பழத்தைப் பிழிந்த சாறு போலச் செம்மை கலந்திருக்கும். ஒரு வாரத்தில் அதுவும் கறுத்து வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே அந்த வாரத்திலேயே எழுத வேண்டும். லுட்டினோவைப் போலவே சின்னமன் மரபணுவும் பாலினக் குரோமோசோமில்தான் இருக்கிறது. சென்ற தை மாதப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘7-ஆம் ஜோடி, 3-ஆம் குஞ்சு, கண் செம்மை. தாய் சாதாரணம். ஆகவே இது பெண். தந்தை சின்னமன் ஸ்பிளிட்.’ அந்தக் குஞ்சுக்கு அப்போது ஓர் இறகுகூட முளைத்திருக்கவில்லை.