ஒரே வருஷத்தில் எம்.டெக்.: அந்த போன்காரரை நம்பலாமா?

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஒன்பது வருடமாக ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். ஷிஃப்ட் வேலை. ‘ஆன்லைனில் ஒரே வருஷத்தில் எம்.டெக்., யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டு, பரீட்சையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், 1,80,000 ரூபாய்’ என்று ஒரு கன்சல்டன்சியிலிருந்து தினமும் அழைக்கிறார்கள். பிற்பாடு கல்லூரியில் பாடம் நடத்தவும் ஆசை. சேரலாமா?

பதில்: வேண்டாம். பரீட்சையை அவர்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னபோதே நீங்கள் போனை வைத்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள்படி, பல்கலைக்கழகங்கள் பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. ஆனாலும் ஏஜென்ட் சொன்னது முழுப் பொய்யாக இருக்காது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கலாம். ஆன்லைன் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. நடத்த அனுமதியும் இருக்கலாம். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் எம்.டெக்.கை விற்கிறார்கள். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்வி வாரியத் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்ததோடு நிற்காதீர்கள். உங்கள் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தத் தளத்தில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்கே தனியாக ஒரு பட்டம் தரலாம், அது வேறு விஷயம்.

இதெல்லாம் ஏட்டளவில் உள்ள சட்டம்தானே என்று நினைக்க வேண்டாம். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் பற்றி 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கில் ஒன்று நம் சேலத்தில் இருப்பது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மறுபடி தேர்வெழுதித் தங்கள் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. யு.ஜி.சி. ஒன்று சொல்ல, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ. வேறொன்று சொல்ல, பதினாறு வருடம் கழித்துத் தண்டனை மாணவன் தலையில் விழுந்தது. கமிஷன் வாங்கிய ஏஜென்ட் எவரும் அதைத் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

‘அப்படியென்றால் ஐ.ஐ.டி. மட்டும் எப்படி நடத்துகிறது?’ என்று கேட்பீர்கள். ஐ.ஐ.டி.கள் 1961ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. தங்கள் பட்டத்தைத் தாங்களே வழங்க அவற்றுக்கு அதிகாரம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்காக இணையவழி எம்.டெக். நடத்துகிறது. வேலை நேரத்துக்குப் பிறகு நேரலை வகுப்புகள். கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் படிப்புக்கு ‘கேட்’ என்ற நுழைவுத் தேர்வு தேவையில்லை, ஆனால் பட்டத்தின் பெயரே ‘இமாஸ்டர்ஸ்’, அதை எம்.டெக். என்று எழுதிக்கொள்ள முடியாது. இதோடு போகவில்லை. ஐ.ஐ.டி. முத்திரையோடு தனியார் நிறுவனங்கள் விற்கும் ‘முதுநிலைச் சான்றிதழ்’ என்று ஒன்று இருக்கிறது. அது சான்றிதழ்தான், பட்டம் அல்ல. ஐ.ஐ.டி.யின் பட்டமளிப்பு விழாவில் எனக்குப் பட்டம் தருவீர்களா என்று கேளுங்கள். நேராக ‘ஆமாம்’ என்று சொல்லாமல் ‘முன்னாள் மாணவர் அந்தஸ்து கிடைக்கும் சார்’ என்று இழுத்தால் அது பட்டம் இல்லை.

கல்லூரியில் உதவிப் பேராசிரியராக பி.இ.யும் அதற்குப் பொருந்தும் எம்.இ. அல்லது எம்.டெக்.கும் வேண்டும், இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு இருக்க வேண்டும். நீங்கள் இருப்பது ஒரகடம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதிநேர எம்.இ. இருக்கிறது. மூன்று வருடம், மாலை வகுப்புகள். 2023 முதல் எம்.இ. சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வின் பெயர் சீட்டா பி.ஜி. கஷ்டம் ஷிஃப்ட்தான். முதலில் உங்கள் மனிதவளப் பிரிவில் பேசி, பொது ஷிஃப்ட் கிடைக்குமா என்று பாருங்கள். அது கிடைக்காவிட்டால் சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி எம்.டெக்.கை யோசிக்கலாம்.

அப்புறம், ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’யில் கட்டலாம் என்று ஏஜென்ட் சொன்னால் மயங்காதீர்கள். பெரும்பாலும் அது ஏதோ ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அசல் சான்றிதழ்களைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவற்றைத் திரும்ப வாங்கவே தனியாகப் பணம் கட்டியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.