எட்டு நூல் ஒரு இஞ்ச்

வணக்கம் மேடம்,

போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் "பொறியியல் கல்லூரி எனக்கு நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுக்கொடுத்தது" என்று ஒரு வரி வருகிறது. அந்த இடத்திலேயே அதை விட்டுவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது. நான் மெக்கானிக்கல், 2001–2005. ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அந்த நாலு வருடம் இல்லையென்றால் இன்றைக்கு பெங்களூரில் இந்த வேலையில் உட்கார்ந்து உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று நடந்தது. படிப்பு முடித்து இருபது வருடம் ஆயிற்று என்று எங்கள் பேட்ச் கூடினோம். ராத்திரி ரெண்டு மணி வரை பேச்சு. மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை சிக்கனுக்கு நின்ற வரிசை, மாஸ் கட் அடித்துவிட்டுப் போன சினிமா, எம்-3 என்ற மூன்றாவது கணக்குப் பேப்பர் அரியரை ஆறாவது தடவையில் முடித்தவன், எல்லாம் வந்தது. படித்தது மட்டும் வரவில்லை. தெர்மோடைனமிக்ஸ் என்ற வார்த்தையை ஒருத்தன்கூடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது உங்கள் வரி ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் படிப்பு எங்கே போயிற்று?

இன்னொன்று. என் அக்கா மகள் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியே கிடைக்கும் போலிருக்கிறது. மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று நிற்கிறாள். வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு என்கிறார்கள். நான் என்ன சொல்ல?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

கோபம் நியாயம்தான். ஒரு வரியைப் போட்டுவிட்டு ஓடியது என் தப்பு.

உங்களுடைய ராத்திரி ரெண்டு மணிக் கதைகள் என்னிடம் கிடையாது. நான் டே ஸ்காலர், வீட்டிலிருந்து போய் வந்தவள். 1996–2000, கோவையில் ஒரு கல்லூரி. அப்போது இந்தப் பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் பாரதியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழே இருந்தன. எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனது உங்கள் காலத்தில். வகுப்பில் அறுபது பேர், அதில் பெண்கள் மூன்று பேர். மெக்கானிக்கலை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. அப்போது கட் ஆஃப் 300க்கு: கணக்குக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, நுழைவுத் தேர்வுக்கு 100. என் கட் ஆஃபுக்கு இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்) கிடைக்கவில்லை, இது கிடைத்தது. அவ்வளவுதான்.

அப்பா ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். பம்ப்செட்டுக்கான தண்டு கடைவது அவர் வேலை. பதினேழு வயது வரைக்கும் நான் அந்தப் பட்டறைக்கு உள்ளே போனதில்லை. வாசலில் நின்று சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். உள்ளே கூரான சுருள் கிடக்கும், கால் கிழியும் என்பார். பொம்பளைப் பிள்ளை என்பதும் இருந்திருக்கும். மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது என்று சொன்ன அன்றைக்கு மனுசன் ஒரு மணிநேரம் பேசவில்லை. அப்புறம், "சரி அம்மிணி, அழுக்குப் படாத மெக்கானிக்கலும் இருக்குமில்ல," என்றார்.

இப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்த கதைக்கு வருகிறேன். முதல் வருடம் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் வகுப்பில் ஆசிரியர் என்னை எழுப்பி, 'மொமெண்ட் ஆஃப் இனெர்ஷியா' என்றால் என்ன என்று கேட்டார். நின்றேன். பிளஸ் டூ தமிழ் மீடியம், இயற்பியலில் நல்ல மார்க். ஆனால் அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. உட்காரச் சொன்னார். அப்படி எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். ரெண்டு மாதம் கழித்து ஒரு சூத்திரத்தைப் பார்த்தபோதுதான் அடையாளம் தெரிந்தது: அட, இது நிலைமத் திருப்புத்திறன்! ஸ்கூலில் ஐந்து மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியது. சொந்தக்காரரை வெளியூரில் பேண்ட் சட்டையில் பார்த்துவிட்டு யாரோ என்று தாண்டிப்போன மாதிரி இருந்தது. ஸ்ட்ரெஸ் என்றால் தகைவு, ஸ்ட்ரெயின் என்றால் திரிபு. எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு இங்கிலீஷில் ஒரு வாக்கியம் கட்ட வேண்டும். நான் கட்டி முடிப்பதற்குள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அந்த வகுப்புகளில் பாடம் இங்கிலீஷில் நடக்கும், திட்டு மட்டும் தமிழில் விழும். ஆக, ஆசிரியர்களுக்கும் தமிழ் தெரியும்.

அப்புறம் வழக்கமான வழி. உள்ளூர் ஆசிரியர் எழுதிய கைடு, ரெண்டு மார்க் கேள்வி–பதில், பழைய கேள்வித்தாள். மனப்பாடம் செய்ய வாய் திறக்கத் தேவையில்லை. டிஸ்டிங்ஷன் வாங்கினேன். அதுதான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

வாய் திறந்த இடம் ஒன்று உண்டு: வொர்க்‌ஷாப்.

ஃபிட்டிங் செக்‌ஷனில் இருந்த இன்ஸ்ட்ரக்டர் ஐ.டி.ஐ. படித்து, மில்லில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவருக்கு இங்கிலீஷ் பேசவும் வராது, பேசவேண்டிய அவசியமும் இல்லை. எங்களுக்குக் கொடுத்தது ஒரு இரும்புத் துண்டு. ஆறு மில்லிமீட்டர் கனம். அதை ஐம்பதுக்கு ஐம்பது சதுரமாக ராவ வேண்டும், அதாவது அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். முதல் நாள் நான் ராவிய விளிம்பில் டிரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ரெண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. "ஏனம்மிணி, ஆமை முதுகாட்ட இருக்குது? அரம் ஊஞ்சலாடுது பாரு. தள்ள ஆரம்பிக்கறப்ப பின்கை தாழுது, முடிக்கறப்ப முன்னால இருக்கற கை தாழுது. ரெண்டு கையும் ஒரே மட்டத்துல போவோணும். திரும்பி வரும்போது அமுக்காத." அவ்வளவுதான் பாடம். மூன்றாவது வாரம் வெளிச்சம் தெரியவில்லை. உள்ளங்கையில் கொப்புளம். கேள்வியாகக் கேட்டேன்: சுண்ணாம்புக்கட்டியை எதற்கு அரத்தில் தேய்க்கிறோம், ரம்பத்தின் பல் ஏன் முன்பக்கம் பார்க்கிறது, ராவிய விளிம்பில் நிற்கும் பிசிறை ஏன் உடனே எடுக்க வேண்டும். அவரும் சலிக்காமல் சொன்னார். வகுப்பில் இருந்த பையன்கள், இவளுக்குப் பேச வருமா என்று பார்த்தார்கள்.

(பையன்களில் பாதிப் பேர் ராவவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீனியர்களிடமிருந்து போன வருடத்துத் துண்டை வாங்கி, பஞ்ச் பண்ணிய ரோல் நம்பரை மட்டும் ராவி அழித்துவிட்டுக் காட்டுவார்கள். சதுரம் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது ஆகியிருக்கும். இன்ஸ்ட்ரக்டர் துண்டைக் கையில் எடுத்ததுமே, "இவன நான் போன வருசமே பாத்திருக்கனே," என்பார். உங்கள் கல்லூரியிலும் இது நடந்திருக்கும். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.)

அடுத்த வருடம் ஸ்ட்ரெங்த் லேபில் கம்பியின் பலத்தைச் சோதிக்கும் யூ.டி.எம். மெஷினில் மைல்டு ஸ்டீல் கம்பியை இழுத்துக் காட்டினார்கள். முள் ஏறிக்கொண்டே போய், ஒரு இடத்தில் தயங்கி, மறுபடி ஏறும். பிறகு கம்பியின் நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கும். டப்பென்று ஒரு சத்தம். உடைந்த இடத்தைத் தொட்டால் சுடும். ஒரு முனை கிண்ணம் மாதிரி, மறுமுனை கூம்பு மாதிரி. லேப் அசிஸ்டெண்டிடம் கேட்டு ஒரு பாதியை வாங்கி வந்தேன். அப்பாவிடம் கல்லூரியைப் பற்றி எதுவும் பேசியிராத நான், ராத்திரி சாப்பிடும்போது அதை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் அந்த ஒடுங்கின இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல இரும்பு. வார்ப்பிரும்புன்னா சொல்லாம கொள்ளாம பொட்டுன்னு போயிரும், மூஞ்சி தட்டையா இருக்கும். இது நீண்டு, மெலிஞ்சு, நான் போறேன் போறேன்னு சொல்லிட்டுத்தான் அறுந்திருக்குது."

டக்டைல் (நீண்டு அறுவது), பிரிட்டில் (பட்டென்று உடைவது) வித்தியாசம் என்ன என்பது ரெண்டு மார்க் கேள்வி. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த நான்கு வரியில் எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு பதினோரு மணி வரை போயிற்று. பாடத்தில் 'ஃபிட்' என்று வரும், ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பது. 25 மில்லிமீட்டர் தண்டில் பேரிங் உட்கார வேண்டும், 'கே6' என்று போட்டிருக்கிறது என்றால், தண்டு 2 மைக்ரானிலிருந்து 15 மைக்ரான் வரை கூடுதலாக இருக்கலாம் என்று அர்த்தம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அட்டவணை பார்த்து எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுத வரும். அது என்ன என்று தெரியாது. அப்பாவுக்கு மைக்ரான் தெரியாது. அவர் அளவு இப்படி: "கையில தள்ளுனா போகக்கூடாது. பைப்பு வெச்சுத் தட்டுனா ஏறோணும். ஏறிட்டே இருக்கறப்ப ஒரு சத்தம். உக்காந்ததும் சத்தம் மாறும். அப்ப நிறுத்திரு. சும்மா போச்சுன்னா தண்டு மயிரிழை கம்மி. தட்டித் தட்டியும் ஏறலீன்னா மயிரிழை சாஸ்தி." அவர் இன்ச்சை எட்டு நூலாகப் பிரித்துப் பழகியவர், மூணு நூல் கம்பி, நாலு நூல் பைப். ஒரு நூல் என்றால் 3.175 மில்லிமீட்டர் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். "அந்தப் புள்ளிக்குப் பின்னாடி இருக்கறதெல்லாம் எனக்கு எதுக்கு, அதுக்குத்தான கை இருக்குது," என்று சிரித்தார்.

அந்த உடைந்த கம்பியை ஒரு வாரம் கழித்துத் தேடினேன். கடைந்து, எங்கள் கேட்டுத் தாழ்ப்பாளில் செருகுகிற முளையாகப் போட்டிருந்தார்.

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். நீங்கள் எல்லோரும் படித்தது எங்கேயும் போகவில்லை, உள்ளே வரவே இல்லை. மெஸ் வரிசையும் மாஸ் கட்டும் எம்-3 அரியரும் உங்களுக்குத் தமிழில் நடந்தவை. அரியர் எழுதியவனின் ஆறு தடவையும் உங்களுக்கு மறக்கவில்லை. அவன் எழுதிய கணக்கில் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா? தெர்மோடைனமிக்ஸ் வேறொரு பாஷையில் நடந்து, அந்தப் பாஷையிலேயே விடைத்தாளில் இறங்கிப் போய்விட்டது. ராத்திரி ரெண்டு மணிக்கு மனுசன் எந்தப் பாஷையில் பேசுவான்?

தமிழ் வழியில் பொறியியல் வேண்டும் என்கிறேனா என்று அடுத்த கடிதம் வரும். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. எனக்கு அதில் சந்தோஷம். ஆனால் நான் கேட்பது அதைவிடச் சின்னது. கரும்பலகையில் ஸ்ட்ரெஸ் என்று எழுதும் கை, பக்கத்தில் தகைவு என்றும் எழுதலாம். ரெண்டு விநாடி ஆகும். எனக்கு ரெண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். பெயிண்டிங்குக்குப் போன, தறிக்குப் போன, பட்டறைக்குப் போன அப்பன்மாரின் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு அது. பெயிண்ட் உலர்வதைப் பற்றி, நூல் அறுவதைப் பற்றி, பேரிங் சத்தத்தைப் பற்றி வீட்டில் ஏற்கெனவே ஒருத்தருக்குத் தெரிந்திருக்கிறது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வீட்டை மறக்கத்தான் வந்திருக்கிறோம் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். என் அப்பா டர்னர் என்று கூடப் படித்தவர்களுக்கு மூன்றாம் வருடம் வரை தெரியாது. அதைக் கல்லூரி செய்யவில்லை, நானே மறைத்தேன். நீங்கள் கோபப்பட்ட அந்த வரியில் இந்தப் பாதியை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

படிப்பு முடித்து மூன்று வருடம் ஒரு பம்ப் கம்பெனியில் டிராயிங் செக்‌ஷனில் இருந்தேன். இப்போது மெஷின் மேனுவல்களைத் தமிழாக்கும் வேலை. ஆபரேட்டர் படித்துப் பார்த்து நட்டைக் கழற்ற வேண்டும். அகராதித் தமிழுக்கு அங்கே இடமில்லை. 'பர்' என்ற சொல் வந்தால் யோசிக்காமல் 'பிசிறு' என்று எழுதுகிறேன். சம்பளம் தருவது இஞ்சினியரிங் பட்டம். சொல்லைத் தந்தது ஃபிட்டிங் செக்‌ஷன்.

உங்கள் அக்கா மகளுக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறவர்களிடம் சண்டை போடாதீர்கள். ஆரம்பச் சம்பளக் கணக்கில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்குப் போகிறவர்கள் உங்கள் பேட்ச்சிலேயே எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவளை ஏதாவது ஒரு பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கம்ப்யூட்டர் சொல்படி கடையும் சி.என்.சி. மெஷின் ஓடுகிற இடமும் பார்க்கட்டும், பழைய லேத் ஓடுகிற இடமும் பார்க்கட்டும். வாசலோடு நிறுத்தாதீர்கள், செருப்புக்குப் பதில் ஷூ போட்டு உள்ளே அழைத்துப் போங்கள். அங்கே இருக்கிறவரிடம் அவளே கேள்வி கேட்கட்டும். நீங்கள் குறுக்கே விளக்க வேண்டாம். ரெண்டு மணிநேரம் கழித்தும் கிளம்ப மனசில்லாமல் நின்றால், அவளுக்கு மெக்கானிக்கல் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் காலேஜ் சொல், அந்தப் பக்கம் ஸ்கூல் சொல்லோ பட்டறைச் சொல்லோ, எது கிடைக்கிறதோ அது. முதல் வரிக்கு 'மொமெண்ட் ஆஃப் இனெர்ஷியா'வை நான் எழுதித் தருகிறேன். தெர்மோடைனமிக்ஸ் பக்கத்தை நீங்களும் அவளும் உட்கார்ந்து நிரப்புங்கள். உங்களுக்கும் ஒரு பழைய பாக்கி தீரும்.

அன்புடன்.