முதலெழுத்துக் கதைகள்

கேள்வி: ‘நியூஸ்’ என்ற ஆங்கிலச் சொல், நான்கு திசைகளின் ஆங்கிலப் பெயர்களிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து உருவானது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். பத்திரிகை நடத்தும் தாங்கள் இதை ஏற்கிறீர்களா?

பதில்: ஏற்கவில்லை. ‘புதிய’ என்று பொருள்படும் ‘நியூ’வின் பன்மைதான் ‘நியூஸ்’. முற்கால ஆங்கிலத்தில் கடைசி எழுத்துக்கு முன் இன்னோர் ‘ஈ’ சேர்த்து, ஐந்தெழுத்தாகவும் இச்சொல்லை எழுதியிருக்கிறார்கள். அந்த ஐந்தாவது எழுத்துக்குத் திசை ஏது?

முதலெழுத்து என்றாலே எனக்குக் கோபம் வருகிறது. பொது அறிவுத் துணுக்கு என்ற பெயரில் பிள்ளைகளின் தலையில் ஏற்றப்படும் பொய்களில் பாதி இந்த வகைதான். ‘கோல்ஃப்’ என்பது ‘ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தடை’ என்பதன் சுருக்கமாம். இளைஞர்கள் விற்பயிற்சியை விட்டுவிடுகிறார்கள் என்ற கவலையில் 1457ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கால்பந்தோடு சேர்த்துத் தடைசெய்தபோதே, அந்த ஆட்டத்துக்கு அதுதான் பெயர். ‘பகட்டான’ என்று பொருள்படும் ‘பாஷ்’ என்பது, வெயில் படாதிருக்க இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்புற அறையும் திரும்பும்போது வலப்புற அறையும் கேட்ட வெள்ளைக்காரச் சீமான்களின் பயணச்சீட்டில், ‘போகும்போது இடப்புறம், திரும்பும்போது வலப்புறம்’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளாகக் குத்தப்பட்ட முத்திரையாம். அப்படியொரு சீட்டை இதுவரை ஒருவரும் கண்டெடுத்துக் காட்டியதில்லை.

முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கும் வழக்கம் பெருகியது இருபதாம் நூற்றாண்டில், போர்த் துறைகளும் அரசு அலுவலகங்களும் பெருத்த பிறகுதான். ‘ரேடார்’ 1940இல் அமெரிக்கக் கடற்படை உண்டாக்கிய சொல். அதற்கு முந்தைய சொற்கள் பெரும்பாலும் வாய்வழியே புழங்கி வளர்ந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் மாலுமிகளும் முதலெழுத்துகளை எங்கே போய்க் கோத்திருப்பார்கள்?

முதலெழுத்துக் கதை உண்மையாகவே அமைந்த பழைய சொல் ஒன்று உண்டு, அது ‘ஓகே’. ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’ என்ற தொடரை, ‘ஓ’, ‘கே’ எழுத்துகளில் தொடங்கும்படி வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளை எடுத்துக்கொண்ட விளையாட்டு அது. பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் 1839 மார்ச் 23 அன்று அச்சாகியிருக்கிறது. மறு ஆண்டுத் தேர்தலில், கிண்டர்ஹுக் என்ற ஊரில் பிறந்ததால் ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ எனப்பட்ட அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர்கள் அதே இரண்டெழுத்தைக் கோஷமாக்கினார்கள். அவர் தோற்றார், சொல் நிலைத்துவிட்டது. இவ்வளவையும் பழைய நாளிதழ்களைப் புரட்டித் தேடி 1960களில் நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். அவர் தேதியையும் தாளையும் காட்டினார்; அதனால் நம்புகிறேன். உங்கள் நான்கு திசைகளுக்கு அப்படியொரு தாளை யாராவது காட்டினால், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.