கடலோடு பழகும் பெண்பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள், ஜூன் விடுமுறையில் பெண்பிள்ளைகளுக்கான அலைச்சறுக்கு முகாமுக்குப் போக வேண்டும் என்று கேட்கிறாள். அங்கே கடற்கரைத் துப்புரவும் ஆமைப் பாதுகாப்பும் சொல்லித் தருவார்களாம். சிங்கப்பூரிலேயே அப்படிக் கற்க முடியுமா? துணிந்து அனுப்பலாமா?
*– செங்காங் வாசகி*

பதில்: அனுப்பலாம், அம்மா. ஆனால் எந்த மாதம், எந்தக் கடல் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அதன்பிறகு முகாமைத் தேடுங்கள்.

சிங்கப்பூர்க் கடலில் அலைச்சறுக்கு கற்க வழியில்லை. காற்று தடையில்லாமல் நெடுந்தொலைவு கடல்மீது வீசினால்தான் பலகையைச் சுமந்து செல்லும் வலிமையுள்ள அலை எழும். நமக்கு வடக்கே மலாய்த் தீபகற்பமும் மேற்கே சுமத்ராவும் தெற்கே ரியாவ் தீவுகளும் அரணாக நிற்பதால், ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் உள்ளூர்க் காற்றும் கப்பல்களும் எழுப்பும் சிற்றலைகளே. துடுப்புப் பலகை, கயாக், பாய்மரப் பலகை ஆகியவற்றுக்கு அந்தக் கடல் மிகவும் ஏற்றது. மக்கள் கழகத்தின் நீர் விளையாட்டு நிலையங்களில் இவற்றைக் கற்கலாம். பலகையின்மீது சமநிலையோடு நிற்கவும் நீரில் விழுந்து பதறாமல் எழவும் அங்கே பழகிய பிள்ளைக்கு, பின்னாளில் அலைக்கடலில் பாதி அச்சம் குறைந்திருக்கும்.

நமக்கு அருகில் சாலை வழியாகவே போகக்கூடிய அலைக்கடல், மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள செராத்திங். ஆனால் அங்கே அலை வருவது வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரையில்தான். ஜூன் மாதத்தில் போனால் அமைதியான கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். ஆண்டிறுதி விடுமுறை பொருந்தும் என்றாலும், டிசம்பரில் அந்தக் கரையோரம் பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் உள்ளாவதுண்டு என்பதால், வானிலை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவைக்க ஒப்புக்கொள்ளும் ஏற்பாட்டாளரையே தேர்ந்தெடுங்கள். பச்சை ஆமைகள் முட்டையிடும் கரை அது. மீன்வளத்துறையின் ஆமைச் சரணாலயமும் அங்கே உண்டு. ஆமையைப் பற்றி உங்கள் மகளுக்கு இருக்கும் ஆர்வத்துக்கு அங்கே விடை கிடைக்கும்.

ஜூன் மாதமேதான் வேண்டும் என்றால், இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலை அடுத்த அறுகம் குடாவைச் சொல்வேன். அங்கே ஏறக்குறைய ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரை அலைப்பருவம். பெண்களுக்கென்றே அமைந்த இலங்கையின் முதல் அலைச்சறுக்குக் குழு 2018ஆம் ஆண்டில் அங்கேதான் உருவானது. வெளிநாட்டுப் பயணிகள் ஆண்டுதோறும் வந்து சறுக்கிய கடலில், அதே ஊர்ப் பெண்கள் நெடுங்காலம் கரையிலேயே நின்றிருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் குழுவின் அருமை விளங்கும். தமிழ் பேசும் ஊர் என்பதால் உங்கள் மகள் அந்தப் பெண்களோடு நம் மொழியிலேயே பேசலாம். பயிற்சியைப் போலவே அந்தப் பேச்சும் அவளுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முகாமை எடைபோட நான் பார்ப்பவற்றைச் சொல்கிறேன். பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, ஒரு பயிற்றுநரிடம் எத்தனை பிள்ளைகளை ஒப்படைக்கிறார்கள் என்று கேளுங்கள். தொடக்க நிலையில் நான்கைந்து பேருக்கு மேல் என்றால் நான் தயங்குவேன். பலகை மென்மையான நுரைப் பலகையாக இருக்க வேண்டும், ஏனெனில் புதியவர்களுக்கு ஏற்படும் அடி பெரும்பாலும் தம் சொந்தப் பலகையிலிருந்தே வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் பாடம் மணலில் நடக்க வேண்டும். கரையில் உடைந்த அலைநீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும்போது உண்டாகும் இழுப்பு நீரோட்டம் எப்படி இருக்கும் என்பதைக் கரையில் நின்றே காட்டிக் கொடுக்க வேண்டும். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடமே பல வேளைகளில் அந்த இழுப்பு ஓடும் இடமாக இருக்கும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்கவும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகவும் வேண்டும். இதைச் சொல்லித் தராமல் பிள்ளைகளை நீரில் இறக்கும் முகாம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: என் பேத்தி சனிக்கிழமைதோறும் கடலில் பயிற்சிக்குப் போகிறாள். வெயிலில் கறுத்துப்போவாளே, உடலோடு ஒட்டிய உடை அணிகிறாளே என்று வீட்டில் பெரியவர்கள் வருந்துகிறோம். நாளைக்கு ஒரு நல்ல இடத்தில் திருமணம் பேச வேண்டாமா?
*– உட்லண்ட்ஸ் வாசகர்*

பதில்: ஐயா, உங்கள் பேத்திமீது நீங்கள் கொண்ட அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் நிறத்தைக் காரணம் காட்டி ஒரு பெண்பிள்ளையைக் கடலிலிருந்து திருப்பி அழைப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அண்ணன் தம்பிகள் திடலில் நாள் முழுவதும் பந்து விளையாடிவிட்டு வரும்போது நாம் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லையே!

வெயிலுக்கு அஞ்ச வேண்டிய காரணம் வேறு. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் ஊரில் நண்பகலை ஒட்டிய நேரத்தில் புறஊதாக் கதிர் மிகக் கடுமையாக இருக்கிறது. அது கண்ணையும் தோலையும் பாதிக்கும். ஆகவே பயிற்சியைக் காலை வேளைக்கு மாற்றச் சொல்லுங்கள். கடலில் சறுக்குபவர்கள் பலர் முழுக்கை நீர்ச்சட்டையும் கணுக்கால்வரை நீளும் காற்சட்டையும் அணிவதுண்டு. அந்த உடை உடலோடு ஒட்டியிருப்பதற்குக் காரணம் உண்டு: தளர்ந்த துணி நீரில் அலைந்து, நீந்துபவரின் கைகால் அசைவைத் தடுக்கும். வெயில் தடுப்புக் களிம்பு வாங்கும்போது ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் சேராததாகப் பார்த்து வாங்குங்கள். பவளப்பாறைகளுக்குக் கேடு என்று கருதி, இவை கலந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தடுத்திருக்கிறது.

திருமணப் பேச்சை அதற்குரிய காலத்தில் பேசிக்கொள்ளலாம். அடுத்த சனிக்கிழமை நீங்களே பேத்தியோடு கடற்கரைக்குப் போய், அவள் பலகையில் நிற்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள், ஐயா.

கேள்வி: என் மாணவிகளைக் கடற்கரைத் துப்புரவுக்கு அழைத்துச் செல்கிறேன். ஆனால் நம் கடற்கரைகளைத் துப்புரவாளர்கள் நாள்தோறும் சுத்தம் செய்கிறார்கள். மாணவிகள் ஆளுக்கு இரண்டு உறிஞ்சுகுழாய்களைப் பொறுக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதால் கடலுக்கு உண்மையில் என்ன நன்மை?
*– பிடோக் ஆசிரியை*

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. ஏற்கெனவே துப்புரவான கரையில் மீண்டும் நடப்பதால் பெரிய பயன் இல்லை. சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு இயக்கம் வேறு வகையில் செயல்படுகிறது. அதை நீண்டகாலம் ஒருங்கிணைத்தவர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் விரிவுரையாளர் ந. சிவசோதி. வழக்கமான துப்புரவு எட்டாத சதுப்புநிலக் காடுகளுக்கும் கரைகளுக்கும் தொண்டூழியர்கள் போகிறார்கள். எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் வகைப்படுத்தி எண்ணி எழுதுகிறார்கள். எத்தனை போத்தல், எத்தனை நுரைத்துண்டு, எத்தனை மீன்வலை என்ற அந்தப் பதிவுதான் குப்பை எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுகிறது. பையை நிரப்புவதைவிடப் பட்டியலை நிரப்புவதே உங்கள் மாணவிகளுக்கு நல்ல பாடம்.

காலத்தையும் கரையையும் பொருத்திப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் குப்பை அதிகமாக ஒதுங்குவது ஈஸ்ட் கோஸ்ட் போன்ற தெற்குக் கரைகளில். வடகிழக்குப் பருவத்தில் சாங்கி, பாசிர் ரிஸ் பக்கம். ஒரே வகுப்பை ஜூன் மாதம் ஒரு கரைக்கும் டிசம்பர் மாதம் மற்றதற்கும் அழைத்துச் சென்று இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடச் செய்தால், காற்றும் நீரோட்டமும் புவியியல் பாடநூலிலிருந்து எழுந்து அவர்கள் கைக்கு வந்துவிடும். வடக்கே மண்டாய், கிராஞ்சிச் சேற்றுப்பரப்புகளில் கைவிடப்பட்ட வலைகளில் குதிரைலாட நண்டுகள் சிக்கித் தவிக்கின்றன. அவற்றை விடுவிக்கவும் ஆராயவும் சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தொண்டூழியர்கள் நெடுநாளாக உழைத்துவருகிறார்கள். ஒரு வலையை அகற்றினால் அதில் சிக்கவிருந்த உயிர்கள் தப்பும். இந்தப் பயனை எவரும் சிறிதென்று சொல்ல முடியாது.

சாதாரண மக்கள் கடலைக் கவனித்துப் பதிவு செய்ததால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா என்னும் கரை, கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2001ஆம் ஆண்டில், நீர் வற்றும் வேளைகளில் அங்கே சென்ற இயற்கை ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் பொதுமக்களும், அந்த மணல்திட்டுகளிலும் கடற்புல் வெளிகளிலும் வாழும் உயிரினங்களைத் தேடிப் பதிவு செய்து, தங்கள் கருத்துகளை அரசாங்கத்துக்கு எழுதினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் நிலமீட்பு ஒத்திவைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் அங்கே நடைபாதை திறக்கப்பட்டது. இன்று பள்ளிப் பிள்ளைகள் அந்த நடைபாதையில் நின்று கீழே நண்டுகளைப் பார்க்கிறார்கள் என்றால், அன்று சேற்றில் நடந்தவர்களே அதற்குக் காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு தூர்வாரும் கப்பல் எரிபொருள் கப்பல்மீது மோதியதில், ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசாவிலும் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் கரை கறுத்தது. அப்போது உதவ முன்வந்த மக்கள் பலர். ஆனால் எண்ணெயைக் கையாளப் பாதுகாப்பு உடையும் பயிற்சியும் தேவை என்பதால், ஆர்வம் மட்டும் போதவில்லை. விபத்து நடப்பதற்கு முன்பே கரையை அறிந்து, எந்த உயிரினம் எங்கே வாழ்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்க வேண்டும். உங்கள் மாணவிகள் அப்படி வளரட்டும், ஆசிரியர் அவர்களே. படம் எடுத்துக்கொள்வதையும் தடுக்காதீர்கள். நண்டையும் நட்சத்திர மீனையும் கையில் எடுக்காமல், இருக்கும் இடத்திலேயே படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 16 வயது. நீந்தத் தெரியாது, தூடோங் என்னும் தலைத்துணி அணிபவள். நானும் கடல் விளையாட்டு கற்க முடியுமா?
*– ஜூரோங் வாசகி*

பதில்: முடியும், தங்கையே. முதலில் நீச்சல். தொடக்கப்பள்ளிகளில் நடைபெறும் ஸ்விம்சேஃப்பர் திட்டம் வேகத்தைவிட உயிர்காப்புக்கு முதலிடம் தருகிறது. அதே பாடங்களைப் பொது நீச்சல் குளங்களில் எந்த வயதிலும் பணம் கட்டிக் கற்கலாம். ஆழத்தில் சில நிமிடங்கள் பதறாமல் மிதக்க வந்த பிறகே கடல். தலையையும் கழுத்தையும் மறைக்கும் நீச்சலுடை இப்போது எளிதில் கிடைக்கிறது. தலைத்துணி தளர்ந்து முகத்தை மூடாதபடி இறுக்கமாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் தாய்மார்கள் சிலர் சேர்ந்து, வட்டாரப் பெண்பிள்ளைகளுக்காக ஒரு கடற்குழு தொடங்க விரும்புகிறோம். கையில் பணம் அதிகமில்லை. எங்கிருந்து தொடங்குவது?
*– சுவா சூ காங் வாசகிகள்*

பதில்: மிக்க மகிழ்ச்சி, அம்மா. வெளிநாட்டு முகாமை இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்கிவையுங்கள். முதல் ஆண்டு நம் கடலிலேயே கழியட்டும். செலவும் குறைவு, காண்பதற்கும் நிறைய உண்டு. ஏறத்தாழ 250 வகைக் கடினப் பவளங்கள் வாழும் கடல் நம்முடையது என்பது இங்கே பிறந்து வளர்ந்த பலருக்கே தெரியாது. நிலமீட்பால் பவளப்பாறைகளில் பெரும்பகுதியை இழந்த பிறகும் இவ்வளவு எஞ்சியிருக்கிறது. எஞ்சியதைப் பெருக்க, 2024 இறுதியில் தேசியப் பூங்காக் கழகம் ஒரு இலட்சம் பவளங்களை நடும் திட்டத்தைத் தொடங்கியது. அத்தகைய பணிகளில் தொண்டூழியர்களுக்கு இடமுண்டு.

துறைமுக ஆணையத்தின் நீரேற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து நாளைக் குறியுங்கள். ஆண்டின் நடுப்பகுதியில் மிகத் தாழ்ந்த நீர்மட்டம் விடியலை ஒட்டி வரும். பிள்ளைகளைத் துயிலெழுப்பத் தாய்மார்களின் ஒத்துழைப்பு அப்போதுதான் பெரிதும் தேவைப்படும். சேற்றிலும் பாறையிலும் நச்சு முட்களுள்ள கல்மீன் மறைந்திருக்கக்கூடும் என்பதால் செருப்போ வெறுங்காலோ கூடாது. மூடிய, கனத்த அடிப்பாகமுள்ள காலணி வேண்டும். இடியோசை கேட்டால் உடனே கரையேற வேண்டும் என்பதில் எவருக்கும் விலக்கு அளிக்காதீர்கள்.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நீர்ச்சட்டையும் காலணியும் குழுவின் பொதுச் செலவில் வாங்கி, யாருக்கு எதற்காக என்று வெளியே தெரியாமல் கொடுங்கள். தாய்மார்கள் கரையில் பை காத்துக்கொண்டு உட்கார வேண்டாம். பிள்ளைகளோடு நீங்களும் பெயர் பதிந்து இறங்குங்கள். மாதவிடாய் நாள்களில் பிள்ளை தயங்கினால், வர வேண்டாம் என்று சொல்லாமல் அன்று குழு காண்பவற்றைக் குறிக்கும் பதிவேட்டை அவளிடம் கொடுங்கள். அவளே இறங்க விரும்பினால் தடுக்காதீர்கள்.

முதல் பயணமாகச் செக் ஜாவாவையே பரிந்துரைக்கிறேன். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பம்போட் என்னும் சிறு படகு ஒன்றுக்குப் பன்னிருவரை ஏற்றுவார்கள். குழுவின் தொடக்க எண்ணிக்கையாக அதையே வைத்துக்கொள்ளலாம். தீவில் இறங்கியபின் செக் ஜாவாவரை நடையாகவோ மிதிவண்டியிலோ போக வேண்டும். ஆகவே குடிநீரை வீட்டிலிருந்தே போத்தல்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். நடைபாதையைச் சென்றடையும்போது நீர் வற்றியிருக்கும்படி நேரத்தைக் கணக்கிட்டுப் புறப்படுங்கள்.