மனித உரிமைப் பார்வையாளராகப் போக விரும்பும் மகளுக்குச் சம்மதம் சொல்லும் முன்

படிப்பு முடிந்ததும் வெளிநாட்டில் மனித உரிமைப் பார்வையாளராகத் தன்னார்வப் பணிக்குப் போகிறேன் என்று மகள் சொன்னால், "பாதுகாப்பா இருக்குமா?" என்றுதான் பெற்றோர் கேட்பார்கள். "எந்த அமைப்பு வழியாகப் போகிறாய்?" என்று கேளுங்கள். பாதுகாப்பின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

மிரட்டலுக்கு ஆளான வழக்கறிஞரோடும், நிலம் பறிபோகும் கிராமத்தாரோடும் கண்ணில் படும்படி இருப்பது, நடப்பதை எழுதி வைப்பது: வேலை இவ்வளவுதான். கைவைத்தால் செய்தி தூதரகங்களுக்கும் ஐ.நா.வுக்கும் போய்விடும் என்ற பயம் தாக்க வருபவரைத் தயங்க வைக்கும். குவாத்தமாலாவில் 1985-ல், காணாமல்போனவர்களின் குடும்பத்தார் நடத்திய சங்கத்தின் தலைவர்கள் இருவர் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் சங்கத்தின் மற்றத் தலைவர்களோடு பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் இரவு பகலாகக் கூடவே இருந்தார்கள். ஆனால், வெளியுலகம் என்ன சொன்னாலும் கவலைப்படாத ஆயுதக் குழுக்கள் உள்ள இடத்தில் இந்த உத்தி பலிக்காது. அதை ஆராயாமல் ஆள் அனுப்பும் அமைப்பை விட்டு விலகுங்கள்.

பீஸ் பிரிகேட்ஸ் பொதுவாக 25 வயது நிரம்பியவர்களை, ஓராண்டு அளவுக்கு எடுக்கிறது; கொலம்பியா, குவாத்தமாலா போன்ற இடங்களுக்கு ஸ்பானிஷ் சரளமாக வர வேண்டும். 2002-ல் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கிய பாலஸ்தீன-இஸ்ரேல் பார்வையாளர் திட்டத்தில் பணி சுமார் 3 மாதம். மெக்சிகோவின் சியாபாஸில் ஃப்ரே பார்த்தோலோமே மனித உரிமை மையம் வழியாகச் சில வாரங்களுக்கே போகலாம், செலவு நம்முடையது. 21 வயதில் கதவு திறக்கவில்லை என்றால் நல்லதுதான். அந்த இடைவெளியில் மொழியைக் கற்கலாம், சட்ட உதவி மையத்தில் வாக்குமூலம் பதியப் பழகலாம். தேர்வில் மொழி முக்கியம். துயரக் கதையை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டால் பாதி தவறிப்போகும்.

விசா வகையை அமைப்பிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மெக்சிகோ அரசியலமைப்பின் 33-வது பிரிவு, அந்நாட்டு அரசியலில் வெளிநாட்டவர் தலையிடக் கூடாது என்கிறது. 1990-களின் இறுதியில் சியாபாஸுக்குப் போன பல பார்வையாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சாதாரணப் பயணக் காப்பீடு போர், கலவரத்தால் வரும் பாதிப்பைப் பெரும்பாலும் ஏற்காது. மருத்துவத்துக்காக வெளியே கொண்டுவரும் செலவு அதில் அடங்குமா என்று விதிமுறைகளைப் படித்துப் பாருங்கள்.

களத்தில் பெரும்பாலும் எதுவும் நடக்காது. அந்தச் சலிப்பில்தான் தவறுகள் முளைக்கும். ஊர்ப் பெயரோடு படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவது, சிப்பாயோடு வாதாடுவது, ஒரு குடும்பத்துக்கு மட்டும் பணம் கொடுப்பது எல்லாம் இப்படித்தான் வரும். மகள் ஊர் திரும்பிவிடுவாள். அதன் விலையைக் கொடுப்பவர்கள் அங்கேயே வாழ்பவர்கள். படத்துக்குள் பதிந்திருக்கும் இடத் தகவலை நீக்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது. அறிக்கையில் யார், எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், வண்டி எண் என்ன என்பதோடு, தான் கண்டது எது, பிறர் சொன்னது எது என்று பிரித்து எழுத வேண்டும். "ராணுவம் மிரட்டியது" என்ற வரியால் பயனில்லை, "சீருடையில் 6 பேர், காலை 9.40" என்பது வழக்குக்கு உதவும்.

அமைப்பிடம் இதையும் கேளுங்கள்: தினமும் எந்த நேரத்தில் தொடர்பு கொள்வார்கள், அழைப்பு தவறினால் எவ்வளவு நேரத்தில் யார் என்ன செய்வார்? உடனே பதில் வர வேண்டும். பயிற்சியின்றி, பெரிய கட்டணம் வாங்கிக்கொண்டு உடனே இடம் தருபவர்கள் விற்பது சுற்றுலாவை.

இதை முடித்தால் வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாது. அகதிகள் நலன், புலனாய்வு, உரிமை ஆவணப்பதிவு போன்ற துறைகளில் மதிப்பு உண்டு. தன்விவரக் குறிப்பில் நாடு, காலம், செய்த பணி போதும். கிராமத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ வேண்டாம். நேர்முகத் தேர்வில் வற்புறுத்திக் கேட்டாலும் சொல்லக் கூடாது.