வாசகர் கேள்வி பதில்: இணைப்பு தருபவருக்கு எவ்வளவு தெரியும்?

கே: எப்போதும் இன்காக்னிட்டோவில்தான் உலாவுகிறேன். அப்படியும் நான் போகும் தளங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியுமா?

ப: தெரியும். உங்கள் கருவியில் வரலாறும் குக்கியும் தங்காமல் பார்த்துக்கொள்வதோடு இன்காக்னிட்டோவின் வேலை முடிந்தது. எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாத இணைப்பு) தளமானால் எந்தப் பக்கம் படித்தீர்கள், என்ன தட்டினீர்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. தளத்தின் பெயர் தெரியும். ஒரு நோய்க்கான தளத்தை நள்ளிரவில் நாலு முறை திறந்தீர்கள் என்பதே விளம்பரக்காரருக்குப் போதுமே!

கே: ரூட்டரில் டிஎன்எஸ் எண்ணை 9.9.9.9 என்று மாற்றிவிட்டேன். இது போதாதா?

ப: பலரும் ஏமாறும் இடம் இது. தளத்தின் பெயரைக் கேட்டு, அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவைதான் டிஎன்எஸ். எண்ணை மாற்றினால் பதில் சொல்பவர்தான் மாறுகிறார். உங்கள் கேள்வி பழையபடி 53-ஆம் போர்ட்டில் (போக்குவரத்துக்கான எண்ணிட்ட வாசல்), உறையில்லாத அஞ்சலட்டையாகத்தான் போகிறது. வழியிலிருக்கும் நிறுவனம் அதைப் படிக்கலாம், தன் சர்வருக்கே திருப்பியும் விடலாம். மறையாக்கம் செய்த டிஎன்எஸ்தான் தேவை.

ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' உண்டு. போனுக்குப் போன் இடம் மாறும் என்பதால் தேடல் பெட்டியில் தேடிவிடுங்கள். 'ஆட்டோமேட்டிக்' வேண்டாம், மறையாக்கம் கிடைக்காதபோது அது சத்தமில்லாமல் பழைய வழிக்கே போய்விடும். கடைசி வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, சேவையின் பெயரைக் கொடுங்கள். எண்ணை அங்கே ஏற்காது. நீங்கள் சொல்லும் 9.9.9.9, குவாட்9 என்ற சேவையுடையது; அதற்கு 'டிஎன்எஸ்.குவாட்9.நெட்' என்று ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். இது 853-ஆம் போர்ட்டில் போகும். சில பொது வைஃபைகளில் அந்தப் போர்ட் அடைபட்டிருக்கும். அப்போது எந்தத் தளமும் திறக்காது. தற்காலிகமாக அணைத்துவிட்டு, பிறகு மறக்காமல் போடுங்கள். கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் என்றால் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' பகுதியில் 'மேக்ஸ் புரொடெக்ஷன்'. அது சாதாரண வலைப் போக்குவரத்தின் 443-இலேயே போவதால் அடைப்பது கடினம்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஓட்டை உண்டு. தளத்தோடு கைகுலுக்கும் முதல் செய்தியில் அதன் பெயர் வெளிப்படையாகவே போகிறது. இதை மறைக்கும் 'ஈசிஎச்' முறை பிரவுசர், தளம் இரண்டிலும் இருந்தால்தான் பலிக்கும்.

கே: அப்படியானால் விபிஎன்?

ப: உங்கள் போக்குவரத்தை மறையாக்கி, தன் சர்வர் வழியாக அனுப்பும் சேவை விபிஎன். அப்போது நிறுவனத்துக்கு விபிஎன் சர்வரின் முகவரி, நேரம், டேட்டா அளவு மட்டுமே தெரியும். ஆனால் நிறுவனம் முன்பு பார்த்ததையெல்லாம் இனி விபிஎன்காரர் பார்ப்பார். வருமானம் எங்கிருந்து என்று சொல்லாத இலவச விபிஎன்னைவிட, விபிஎன் இல்லாமல் இருப்பதே மேல். இணைப்பு இடையில் அறுந்தால் போன் நேர்வழியில் போய்விடும்; ஆண்ட்ராய்டில் 'ஆல்வேஸ் ஆன் விபிஎன்', அதன் கீழே 'விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு' இரண்டையும் போடுங்கள். பிறகு டிஎன்எஸ் கசிவுச் சோதனைத் தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். உங்கள் சேவை நிறுவனத்தின் பெயர் அங்கே வந்தால், உங்கள் டிஎன்எஸ் கேள்விகள் விபிஎன்னுக்கு வெளியே கசிகின்றன.