ஃபைபர் படகு: கேள்வி-பதில்

கே: படகின் மேல்பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. தொட்டால் கையில் மாவு ஒட்டுகிறது. ஜெல்கோட் (ஃபைபரின் வெளிப்பூச்சு) போய்விட்டதா? (தரங்கம்பாடி)

ப: இல்லை, வெயில் தின்றது மேல்தோலை மட்டும்தான். 800, 1000 நம்பர் வாட்டர் பேப்பர், அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் மெழுகு பாலிஷ். ஜெல்கோட்டே அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஓரங்களில் மிஷின் வைக்காதீர்கள், அடியில் இருக்கும் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வெளியே தெரிந்துவிடும்.

கே: ஒரு கிலோ ஜெல்கோட்டுக்கு ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) எத்தனை மூடி? (பழையாறு)

ப: மூடிக் கணக்கை விடுங்கள், சிரிஞ்சில் அளங்கள். நம் வெயிலுக்கு 10 மில்லி, மார்கழிக் காலையில் 15 முதல் 20. சீக்கிரம் இறுகுகிறதே என்று 10-க்குக் கீழே இறக்கினால் உள்ளே வேகாது. கால் கால் கிலோவாகக் கலந்துகொள்ளுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் ஊற்றாதீர்கள், வெடிக்கும்.

கே: படகில் விரிசல். என்ன செய்வது? (ஊர் இல்லை)

ப: எங்கே, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம்? இரண்டு வரி கூடுதலாக எழுதினால் கை தேய்ந்துவிடாது. நட்சத்திரம் போல இருந்தால் எங்கோ இடித்திருக்கிறீர்கள். வரிவரியாக ஓடினால் அந்த இடம் வளைகிறது. உள்பக்கம் மேட் போட்டு பலப்படுத்தாமல் வெளியே எது பூசினாலும் மறுபடி வெடிக்கும்.

கே: தண்ணீர் மட்டத்துக்குக் கீழே விரிசலில் கார் பட்டி பூசி எனாமல் அடித்தேன். ஆறு மாதத்தில் உரிந்துவிட்டது. எந்தக் கம்பெனி பட்டி நல்லது? (அக்கரைப்பேட்டை)

ப: எந்தப் பட்டியும் வேண்டாம். எத்தனை தடவைதான் எழுதுவது? கார் பட்டியில் இருப்பது நிறைய டால்க் மாவு. கார் மழையில் நனைந்து காயும், படகு தண்ணீரிலேயே கிடக்கிறது. போன மாதம் ஷெட்டுக்கு வந்த ஒரு படகில், அணியத்துக்கு (முன்பக்கம்) கீழே உளியை வைத்தேன். பட்டி ஊறின வடை மாதிரி கையோடு வந்தது. அடியில் நீலம், பச்சை, மறுபடி நீலம், அதற்கும் கீழே பழைய பட்டி. கடைசியில் மேட்டிலிருந்து காடி வாடையோடு பழுப்புத் தண்ணீர் சொட்டியது. அந்த வாடை வந்தால் மேட்டைப் பிடித்திருக்கும் ரெசினே கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்த மனிதருக்கு ஒன்றரை அடி மேட்டை வெட்டிப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

முதலில் காசால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் மேட் பிரிந்திருக்கிறது, ஜெல்கோட் பேச்சே கிடையாது. சரியாக இருந்தால் விரிசலை முக்கோணச் சுரண்டியால் அகலமாகத் திறந்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள் (போர் தண்ணீர் வேண்டாம், நம் கடலோரத்தில் அதுவும் பல இடத்தில் உப்பு). ஒரு வாரமாவது காயட்டும். அசிட்டோனால் துடைத்த பிறகுதான் தேய்க்க வேண்டும். முதலில் தேய்த்தால் பழைய மெழுகைப் பள்ளத்துக்குள் திணிக்கிறீர்கள். ஜெல்கோட்டைக் கொஞ்சம் மேடாக அடைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுங்கள். காற்று பட்டால் பிசுபிசுப்பு போகாது. மறுநாள் தேய்த்துச் சமமாக்குங்கள். ஹார்டனரைச் சிரிஞ்சில் அளங்கள், மறக்க வேண்டாம்.

கே: எபாக்ஸி அடைத்த இடத்தில் ஜெல்கோட் அடிக்கலாமா? (முத்துப்பேட்டை)

ப: சரியாகப் பிடிக்காது. பெயின்ட் அடியுங்கள்.

கே: ஐப்பசியில் வேலை வைக்கலாமா? (வேதாரண்யம்)

ப: அடைமழையில் எங்கே காய வைப்பீர்கள்? பங்குனியில் தொடங்குங்கள். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் ஆட்களெல்லாம் விசைப்படகுகளைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்விடுவார்கள்.